கிளைம் கூடிய சாரதிக்கு ஃபுல் இன்சூரன்ஸ் கிடைக்குமா?

கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் சொந்தக்காரரோடு வாகனக் கதை கதைத்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். அங்கே ஒருவர் இரண்டு தரம் இடித்துவிட்டால், அல்லது குடித்துவிட்டு ஓடிப் பிடிபட்டால், அடுத்த வருடம் அவருக்குக் காப்புறுதி கொடுக்கவே கம்பனிகள் தயங்கும். கொடுத்தாலும் விலையைக் கேட்டால் தலை சுற்றும். கனடாவின் ஒன்ராறியோவில் எந்தக் கம்பனியும் சேர்க்க விரும்பாத சாரதிகளுக்காக, கம்பனிகள் எல்லாம் சேர்ந்து நடத்தும் ஃபெசிலிட்டி அசோசியேஷன் என்ற ஏற்பாடே இருக்கிறது. பிரித்தானியாவில் குடிபோதைக் குற்றம் லைசன்ஸ் பதிவில் 11 வருடம் கிடக்கும். அமெரிக்காவின் பல மாநிலங்களில், தண்டனை பெற்ற சாரதியிடம் காப்புறுதி இருக்கிறது என்று கம்பனியே அரசாங்கத்துக்கு உறுதிசெய்யும் எஸ்.ஆர்-22 என்ற பத்திரம் தேவை.

திருகோணமலையில் இப்படி ஒன்றும் இல்லை. நகரத்தில் எந்தக் காப்புறுதிக் கிளைக்குள் போனாலும், வாகனப் புத்தகத்தின் பிரதியையும் அடையாள அட்டையையும் நீட்டினால், தேநீர் ஆறுவதற்குள் தேர்ட் பார்ட்டி சான்றிதழ் கைக்கு வந்துவிடும். போன வருடம் எத்தனை தண்டச் சீட்டு வாங்கினீர்கள், கடைசியாக எங்கே மோதினீர்கள் என்றெல்லாம் யாரும் துருவிக் கேட்பதில்லை. அப்படியானால் ரிஸ்க் கூடிய சாரதிக்கு இங்கே பிரச்சினையே இல்லையா? இருக்கிறது. அங்கே பொலிசி எடுக்கும்போது கேட்கும் கேள்விகளை, இங்கே விபத்து நடந்த பிறகு கேட்கிறார்கள். பணம் கட்டும் நாளில் எல்லாச் சாரதிகளும் ஒன்றுதான். யார் எப்படிப்பட்ட சாரதி என்று பார்ப்பது, இழப்பீடு கேட்கும் கிளைம் ஃபைல் மேசைக்கு வரும் நாளில்.

சட்டம் என்ன கேட்கிறது

1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வீதியில் ஓடும் ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். அது இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. புகைப் பரிசோதனைச் சான்றிதழோடு காப்புறுதியும் கையில் இருந்தால்தான் பிரதேச செயலகத்தில் வேலை நடக்கும். காப்புறுதி இல்லாமல் ஓடிப் பிடிபட்டால் தண்டம் 25,000 ரூபாயிலிருந்து தொடங்குகிறது. பழைய காரின் தேர்ட் பார்ட்டிக் கட்டணத்தோடு அதை ஒப்பிட்டால், காப்புறுதி எடுக்காமல் ஓடுவது எவ்வளவு பெரிய மடைத்தனம் என்று தெரியும்.

இந்தக் கட்டாயக் காப்புறுதி நம்முடைய காருக்கு ஒரு சதமும் தராது. நாம் இடித்து இன்னொருவர் இறந்தாலோ காயப்பட்டாலோ, அவருக்கு நீதிமன்றம் தீர்க்கும் இழப்பீட்டைக் கம்பனி கொடுக்கும். அவருடைய மதிலையோ மோட்டார் சைக்கிளையோ உடைத்திருந்தால், பொலிசியில் எழுதியிருக்கும் வரம்பு வரைக்கும் கொடுக்கும். நம் காரின் முன்பக்கம் நொறுங்கியிருந்தால் அது நம் பாடு.

ஆகவே சட்டத்துக்காக எடுக்கும் காப்புறுதியை, எவ்வளவு மோசமான சாரதியும் எடுத்துவிடலாம். சிக்கல் தொடங்குவது, நம் வாகனத்தின் சேதத்துக்கும் சேர்த்துப் பணம் தரும் ஃபுல் இன்சூரன்ஸில்தான். லீசிங்கில் எடுத்த வாகனம் என்றால் ஃபுல் இல்லாமல் முடியாது, லீசிங் கம்பனி விடாது. கடன் முடியும்வரை வாகனத்தின் முழு உரிமையாளர் அவர்கள்தான். இதனால்தான் காப்புறுதிக் கம்பனி "இந்த முறை ஃபுல் தர முடியாது, தேர்ட் பார்ட்டி மட்டும் எடுங்கள்" என்று சொன்னால், லீசிங்கில் வேன் ஓடுபவருக்கு வயிற்றைக் கலக்குகிறது.

விலை எப்படி வருகிறது

ஃபுல் இன்சூரன்ஸின் விலைக்கு அடிப்படை வாகனத்தின் பெறுமதி. அதில் ஒரு வீதத்தை எடுத்து, வாகனம் சொந்தப் பாவனையா வாடகைக்கா, என்ன மாடல், எந்த வருடத் தயாரிப்பு, உதிரிப்பாகம் லேசில் கிடைக்குமா என்றெல்லாம் பார்த்துக் கூட்டிக் குறைப்பார்கள். அப்புறம் நோ கிளைம் போனஸ் என்ற கழிவு வரும். அதற்கு மேல் வரிகளும் சில்லறைக் கட்டணங்களும். இந்தக் கணக்கில் சாரதி என்ற மனிதர் தலைகாட்டும் பெரிய இடம் நோ கிளைம் போனஸ் ஒன்றுதான். வழக்கத்தில் பொலிஸ் பதிவு விலைக்குள் வருவதில்லை. தப்புச் செய்யும் சாரதிகளுக்குப் புள்ளி போடும் முறை 2009 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தோடு எழுத்தில் வந்தது. ஆனால் அது நடைமுறைக்கு வராமல் வருடக்கணக்காக இழுபட்டது. புள்ளியே இல்லாத இடத்தில் புள்ளியைப் பார்த்து விலை சொல்ல முடியாதுதானே.

பில்லில் எஸ்.ஆர்.சி.சி., டி.சி. என்று இரண்டு கட்டணங்கள் இருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். வேலைநிறுத்தம், கலவரம், உள்நாட்டுக் குழப்பம் என்பவற்றுக்கு ஒன்று, பயங்கரவாதத்துக்கு மற்றது. 83 கலவரமும் அதற்குப் பின் வந்த போரும், இந்த வகை ஆபத்தை, காப்புறுதிக் கம்பனிகளுக்கே காப்புறுதி கொடுக்கும் வெளிநாட்டு மறுகாப்புறுதிக் கம்பனிகள் தொடத் தயங்கும் நிலையை உண்டாக்கின. அரசாங்கம் 1987 இல் இதற்கென்று தனி நிதியம் ஒன்றை அமைத்தது. இன்று அதை தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் பார்க்கிறது. ஒரு காலத்தில் இந்த ஊரில் வண்டி வைத்திருப்பதே ஹை ரிஸ்க்தான், எவ்வளவு பக்குவமாக ஓடினாலும் சரி. அந்த இரண்டு கட்டணங்களை மிச்சம் பிடிக்க வேண்டாம். பெரிய தொகையும் இல்லை. 2022 மே 9 ஆம் திகதி நாட்டில் வாகனங்கள் எரிந்த பிறகு, அந்த இரண்டும் பொலிசியில் இருக்கிறதா என்று எல்லோரும் தேடிப் பார்த்தார்கள்.

நோ கிளைம் போனஸுக்கு வருவோம். கிளைம் எடுக்காத ஒவ்வொரு வருடத்துக்கும் கழிவு ஏறும். எத்தனை வீதம், எங்கே நிற்கும் என்பது கம்பனிக்குக் கம்பனி வேறுபடும். கிளைம் எடுத்தால் இறங்கும், சில வேளை முழுவதுமாகப் போய்விடும். இங்கேதான் பலர் தங்களை அறியாமலே ரிஸ்க் கூடிய சாரதி ஆகிறார்கள். கணக்குக்காக ஒரு காரை எடுத்துக்கொள்வோம். கழிவுக்கு முந்திய கட்டணம் 160,000 ரூபாய், கழிவு 60 வீதம். கட்ட வேண்டியது 64,000. பின் பம்பரில் ஒரு சின்ன இடி, திருத்த 35,000. பொலிசியில் எக்ஸஸ் 10,000, அதாவது எந்தக் கிளைமிலும் முதல் 10,000 நம் கையிலிருந்து. கம்பனி தருவது 25,000. அடுத்த வருடம் கழிவு 40 வீதத்துக்கு இறங்கினால் கட்டணம் 96,000 ஆகும். 25,000 வாங்கி, ஒரே வருடத்தில் 32,000 கூடக் கட்டுகிறோம். கழிவு பழைய இடத்துக்கு ஏறும்வரை அடுத்தடுத்த வருடங்களிலும் நட்டம் தொடரும். போதாததற்குக் கம்பனியின் ஏட்டில் ஒரு கிளைம் பதிவாகிறது.

இடித்த இடத்துக்கே, சேதத்தை மதிப்பிடும் அசெசர் வந்து படம் எடுத்து, அங்கேயே காசு கொடுக்கும் முறை வந்த பிறகு இது கூடிப்போனது. உவர்மலையில் ஒழுங்கைக்குள் ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணாடி உரசினாலும் ஹொட்லைனுக்கு அடிக்கிறார்கள். "கட்டின காசுதானே, எடுத்தால் என்ன" என்ற நியாயம். அந்த நியாயத்தோடு ஒரு வருடத்தில் மூன்று கிளைம் எடுத்தவர், நான்காவதாகப் பெரிய விபத்தில் மாட்டும்போது, புதுப்பிக்கும் கடிதத்தில் கட்டணம் ஏறியிருக்கும், எக்ஸஸ் இரட்டித்திருக்கும், அல்லது ஃபுல் இல்லை என்றே இருக்கும்.

இந்த ஊரில் ரிஸ்க் எங்கே இருக்கிறது

கம்பனிகள் ரிஸ்க் என்று பார்ப்பதில் பாதி நம் கையில் இல்லாதது. திருகோணமலை வீதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். கந்தளாயிலிருந்து ஹபரணை வரைக்கும் ஏ-6 பாதை காட்டை ஊடறுத்துப் போகிறது. இருட்டிய பிறகு யானை எந்தப் பக்கத்திலிருந்து ஏறும் என்று சொல்ல முடியாது. நகரத்துக்குள் வந்தால் கோட்டைப் பக்கத்து மான்கள் பஸ் நிலையம் வரை உலாவும். நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் போனால் கட்டாக்காலி மாடுகள். மழைக்காலத்தில் தார் வீதி மட்டும் காய்ந்திருப்பதால் அவை வீதியிலேயே படுத்துக்கிடக்கும். கறுப்பு மாடு, கறுப்பு வீதி, எதிரே ஹை பீமில் வரும் லொறி. இந்த மாவட்டத்தில் இரவில் ஓடியவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை.

மாட்டில் மோதினால் தேர்ட் பார்ட்டி பொலிசி நம் காருக்கு உதவாது. ஃபுல் இருந்தால் கிளைம் எடுக்கலாம். ஆனால் அதுவும் ஒரு கிளைம்தான். பிழை மாட்டுடையது, மாட்டுச் சொந்தக்காரருடையது என்றாலும், அவரைக் கண்டுபிடித்து இழப்பீடு வாங்கினால் ஒழிய, நோ கிளைம் போனஸ் நம்முடையதுதான் இறங்கும். விபத்து நடந்ததும் மாட்டுக்குச் சொந்தக்காரரே இல்லாமல் போய்விடுவது இந்தப் பக்கத்தின் அதிசயங்களில் ஒன்று. ஆறு மாடு வைத்திருப்பவரும் அன்றைக்கு எண்ணிப் பார்த்து ஆறும் பட்டியில் நிற்கிறது என்பார்.

வீதிகளும் மாறிவிட்டன. கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் பாதைப் படகுக்காகக் காத்திருந்த காலம் போய்விட்டது. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறந்தது. அதற்குப் பிறகு மட்டக்களப்புப் பாதையில் மற்றப் பாலங்களும் வந்தன. வீதி கார்ப்பெட் ஆனதும் வேகம் ஏறியது. அதே காலத்தில் லீசிங் கடைகள் பெருகி, நேற்று லைசன்ஸ் எடுத்த பிள்ளைகளின் கைகளில் வாகனங்கள் வந்தன. இளம் சாரதிக்கும் அனுபவம் குறைந்த சாரதிக்கும் சில பொலிசிகளில் எக்ஸஸ் தனியாகக் கூடுதலாக இருக்கும். அப்பா பெயரில் பொலிசி, ஓடுவது மகன் என்ற வீடுகள் இந்த வரியை ஒரு தரம் தேடிப் படிப்பது நல்லது.

பாதி நம் கையில் இல்லை என்றால் மற்றப் பாதி இருக்கிறது. அதில் முதலாவது, சொந்தப் பாவனை என்று காப்புறுதி எடுத்துவிட்டு ஹயர் ஓடுவது. மே தொடங்கி செப்டெம்பர் வரை நிலாவெளி, உப்புவெளியில் வெளிநாட்டுக்காரர் நிறைவார்கள். ஹோட்டலிலிருந்து கொழும்பு விமான நிலையத்துக்கு ஒரு ஓட்டம் போனால் நல்ல காசு. வீட்டு வேனை எடுத்துக்கொண்டு போவது யாருக்கும் தப்பாகத் தெரிவதில்லை. ஆனால் பொலிசி சொந்தப் பாவனைக்கு. வாடகை ஓட்டத்தில் விபத்து நடந்து, பின் சீற்றில் இருந்தவர்கள் யார் என்று பொலிஸ் பதிவில் விழுந்துவிட்டால், கிளைமை மறுக்கக் கம்பனிக்கு வேறு காரணமே வேண்டாம். வாடகைக்கென்று எடுத்தால் கட்டணம் கூடும்தான். அந்த வித்தியாசத்தை மிச்சம் பிடித்துப் பல லட்சத்து வேனைப் பணயம் வைப்பதில் எனக்கு எந்தக் கெட்டித்தனமும் தெரியவில்லை.

இரண்டாவது, ஓபன் பேப்பர். முந்திய சொந்தக்காரரின் கையெழுத்து போட்ட வெற்று மாற்றுப் படிவங்களோடு வாகனத்தை வாங்கி, பெயர் மாற்றாமலே வருடக்கணக்காக ஓடுவது. சட்டப்படி 14 நாளுக்குள் மாற்ற வேண்டும். காப்புறுதி என்பது ஒருவர் தன்னுடைய நட்டத்துக்கு எடுப்பது. புத்தகத்தில் வேறொருவர் பெயர் இருக்கும்போது நட்டம் யாருடையது என்ற கேள்வி வரும். விற்றவர் ஒருவேளை கட்டாரில் இருப்பார், அல்லது இறந்தே போயிருப்பார். முழு நட்டக் கிளைமில் காசோலை யார் பெயருக்கு எழுதுவது? தேர்ட் பார்ட்டியை இந்த நிலையிலும் தந்துவிடுவார்கள். ஃபுல் தந்தாலும் கடைசியில் கழுத்தைப் பிடிக்கும்.

மூன்றாவது லைசன்ஸ். இலகு வாகன லைசன்ஸ் 8 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், கன ரக வாகனத்துக்கு 4 வருடம். பழைய கொப்பி லைசன்ஸ் காலத்தில் பழகியவர்களுக்கு முடிவுத் திகதி என்ற ஒன்று இருப்பதே மறந்துபோகும். விடுமுறைக்கு வரும் வெளிநாட்டுச் சொந்தங்கள் இன்னொரு வகை. லண்டன் லைசன்ஸை வைத்துக்கொண்டு மச்சானின் காரை எடுத்து மார்பிள் பீச்சுக்கு விடுவார்கள். வெளிநாட்டு லைசன்ஸோடு இங்கே ஓட உள்ளூர் அனுமதி வேண்டும். சர்வதேச லைசன்ஸ் என்றாலும் அதற்கு இங்கே அங்கீகாரம் தேவை. அது இல்லாதவர் கையில் கார் இடிபட்டால், செல்லுபடியாகும் லைசன்ஸ் இல்லாத சாரதி என்றுதான் கிளைம் ஃபைலில் எழுதப்படும். அவர் லண்டனில் முப்பது வருடம் கீறல் இல்லாமல் ஓடியிருக்கலாம். அதை யாரும் கேட்கப் போவதில்லை.

குடித்துவிட்டு ஓடுவதைப் பற்றி நீட்ட ஒன்றும் இல்லை. ஃபுல் பொலிசிகள் அதைத் தெளிவாகவே விலக்குகின்றன. சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை கம்பனிக்குப் போகும், சொந்தச் சேதத்துக்கான கிளைம் அதோடு முடிந்தது.

இங்கே ஒரு விஷயத்தை விளக்க வேண்டும், ஏனென்றால் பலர் இதைத் தவறாக நினைக்கிறார்கள். பொலிசி நிபந்தனையை மீறிய சாரதி ஒருவரை மோதிக் கொன்றுவிட்டார் என்று வைப்போம். கம்பனி கையை விரித்தால் செத்தவரின் குடும்பம் என்ன செய்யும்? மூன்றாம் தரப்புக் காப்புறுதியைச் சட்டம் கட்டாயமாக்கியதே அந்தக் குடும்பத்துக்காக. ஆகவே நீதிமன்றம் தீர்த்த இழப்பீட்டைக் கம்பனி அவர்களுக்குக் கொடுக்க வேண்டிய நிலை வரலாம். கொடுத்த பிறகு அந்தப் பணத்தை அது சாரதியிடமோ சொந்தக்காரரிடமோ திருப்பிக் கேட்கும். "கம்பனி குடுத்திட்டுது, பிரச்சினை முடிஞ்சுது" என்று இருந்தவரின் வீட்டுக்கு வழக்கறிஞரின் கடிதம் வருவது இப்படித்தான்.

விண்ணப்பப் படிவம்

ரிஸ்க் கூடிய சாரதி என்ற முத்திரை இங்கே முதலில் பதிவது இந்தத் தாளில். ஆனால் யாரும் அதைப் படிப்பதில்லை. ஒரு வழக்கமான காட்சி: உட்துறைமுக வீதிப் பக்கத்துத் தேநீர்க்கடை ஒன்றில் முகவர் வந்து இருப்பார். படிவம் ஆங்கிலத்தில். வாகனக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று வைத்துக்கொள்வோம்.

"தம்பி, இதில என்னென்ன எழுதியிருக்கு?"

"அது சும்மா எல்லாருக்கும் போடுறதுதான் சேர். நீங்க இந்த இடத்தில ஒரு சைன் வையுங்கோ, மிச்சத்தை நான் ஒஃபிசில நிரப்பிக்கொள்ளுறன்."

அந்த மிச்சத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கடந்த வருடங்களில் விபத்து ஏதும் உண்டா? வேறு கம்பனி காப்புறுதியை மறுத்ததா, கூடுதல் நிபந்தனை போட்டதா? வாகனத்தை வேறு யார் ஓடுவார்கள்? வாடகைக்குப் போகுமா? எதையாவது மாற்றிப் பொருத்தியிருக்கிறீர்களா? சாரதிக்குக் கண், காது, வலிப்பு போன்ற குறை ஏதும் உண்டா? முகவர் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று போட்டுவிடுவார். அவருக்கு அன்றைக்குப் பொலிசி போட வேண்டும். பொய் சொன்னவராக ஆவது கையெழுத்து வைத்தவர்.

காப்புறுதி ஒப்பந்தம் நிற்பது முழு நம்பிக்கை என்ற கொள்கையில். கேட்டதற்கு உண்மை சொல்வது மட்டும் போதாது. விலையையோ முடிவையோ மாற்றக்கூடிய விஷயம் ஒன்று நமக்குத் தெரிந்திருந்தால் அதைத் தானாகச் சொல்ல வேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. சொல்லாமல் விட்டது பிறகு வெளிப்பட்டால் பொலிசியையே செல்லாது என்று கம்பனி சொல்லலாம். கிளைம் கூடிய சாரதி முந்திய விபத்துகளை மறைத்து வேறு கம்பனிக்கு ஓடுவது இதனால்தான் ஆபத்து. விலை குறையும், உண்மைதான். ஆனால் வாங்கியது காப்புறுதியா வெறும் தாளா என்பது அடுத்த விபத்து வரைக்கும் தெரியாது. கம்பனிகள் மாறினாலும் அசெசர்களும் கராஜ்களும் இந்தச் சின்ன ஊரில் அதே ஆட்கள்தான். மட்கோச் சந்தியில் இடிபட்ட வெள்ளை வேனை யாராவது ஒருவர் ஞாபகம் வைத்திருப்பார்.

ஆகவே செய்ய வேண்டியது, படிவத்தைத் தமிழில் கேட்பது. இல்லை என்றால் ஒவ்வொரு கேள்வியையும் வாசித்து விளங்கப்படுத்தச் சொல்வது. வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வைக்காமல் நிரப்பிய பிறகு வைத்து, அந்த இடத்திலேயே கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வது. விபத்து இருந்தால் இருந்தது என்றே எழுத வேண்டும். "இரண்டு கிளைம் எடுத்தனான், ஒன்று மாடு, மற்றது பின்னுக்கு வந்து இடிச்சது" என்று சொல்வதால் கதவை மூடிவிடும் கம்பனிகள் குறைவு. சந்தையில் போட்டி அவ்வளவு இருக்கிறது. கட்டணம் கொஞ்சம் ஏறலாம், எக்ஸஸ் ஏறலாம்.

எக்ஸஸைக் கூட்டிக்கொள்வதே கிளைம் கூடியவருக்கு நல்ல பேரம் என்பது என் அபிப்பிராயம். முதல் 25,000 அல்லது 50,000 ரூபாயை நானே பார்த்துக்கொள்கிறேன், பெரிய நட்டத்துக்கு மட்டும் நீங்கள் வாருங்கள் என்று கேட்டால், கட்டணத்தைக் குறைக்க மேலாளருக்கு ஒரு காரணம் கிடைக்கிறது. சின்ன உரசலுக்கெல்லாம் ஹொட்லைனுக்கு அடிக்கும் பழக்கமும் தானாக நின்றுவிடும். இதை முகவரிடம் கேட்டுப் பலனில்லை, அவருக்கு அந்த அதிகாரம் கிடையாது. கிளை முகாமையாளரிடம் நேராகப் போய்க் கேட்க வேண்டும்.

பெறுமதியை மறந்துவிட வேண்டாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடையில் பழைய கார்களின் விலை ஏறிய ஏற்றம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பொலிசியில் பழைய பெறுமதியை அப்படியே விட்டவர்கள் ஏராளம், கட்டணம் குறைவாக வருகிறது என்று. 50 லட்சம் போகும் காரை 25 லட்சத்துக்குக் காப்புறுதி செய்திருந்தால், 4 லட்சம் சேதத்துக்குக் கம்பனி பாதியைத்தான், 2 லட்சத்தைத்தான் தரும். பாதிப் பெறுமதிக்குக் கட்டணம் கட்டியவர் மற்றப் பாதியைத் தானே சுமக்கிறார் என்பது அவர்களுடைய கணக்கு. இது பொலிசியில் எழுதியிருக்கும் நிபந்தனை. வாதாடிப் பலனில்லை. இப்போது விலைகள் மறுபடி அசைவதால், ஒவ்வொரு புதுப்பித்தலிலும் சந்தை விலையைப் பார்த்துப் போட வேண்டியிருக்கிறது.

பணம் கட்டுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஃபுல் இன்சூரன்ஸைக் கடனுக்குத் தந்துவிட்டு 60 நாளுக்குள் கட்டச் சொல்வார்கள். கட்டாவிட்டால் பொலிசி ரத்தாகும். மீன்பாடு வரட்டும், வயல் வெட்டட்டும் என்று நாளைத் தள்ளியவர் 61 ஆம் நாள் இடித்தால், ரிஸ்க் குறைந்த சாரதியாக இருந்தாலும் ஒன்றும் கிடையாது.

மறுத்துவிட்டால்

புதுப்பிக்க முடியாது என்றோ கிளைம் தர முடியாது என்றோ கம்பனி சொன்னால், முதலில் எழுத்தில் கேட்க வேண்டும். வாய்ப்பேச்சில் "ஹெட் ஒஃபிஸ் விடுதில்ல அண்ணன்" என்பது பதில் ஆகாது. எந்த நிபந்தனையின் கீழ் மறுக்கிறார்கள் என்ற கடிதம் கையில் இருந்தால், கம்பனிக்குள்ளேயே மேலிடத்துக்கு முறையிடலாம். அங்கும் நடக்காவிட்டால் முறைப்பாடுகளை நடுநிலையாக விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார், கட்டணம் இல்லை. இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் முறைப்பாடுகளை எடுத்துக்கொள்கிறது. அது 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டத்தில் உருவானது, முன்பு காப்புறுதிச் சபை என்று அழைக்கப்பட்டது. இரண்டு அலுவலகங்களும் கொழும்பில் இருந்தாலும் அங்கே போய் நிற்கத் தேவையில்லை, எழுத்திலேயே அனுப்பலாம். தமிழில் எழுதுங்கள், அரசகரும மொழி அது. இணைக்க வேண்டியவை பொலிசிப் பிரதி, நிரப்பிய விண்ணப்பத்தின் படம், மறுப்புக் கடிதம், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, லைசன்ஸின் இரண்டு பக்கங்கள்.

இவை எல்லாவற்றையும் ஒரே கம்பனியோடு பேசித் தீர்க்க முடியாமல் வேறு கம்பனிக்கு மாறுவதென்றால், பழைய பொலிசி முடிவதற்கு முன்பே, எத்தனை வருடம் இருந்தார், எத்தனை கிளைம், எவ்வளவு தொகை, நோ கிளைம் போனஸ் இப்போது எத்தனை வீதம் என்று ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். நோ கிளைம் போனஸ் ஆளோடு போவது, வாகனத்தோடு போவதில்லை. காரை விற்றாலும் அதை வைத்துக்கொண்டு அடுத்த காருக்குப் பாவிக்கலாம். பொலிசி காலாவதியான பிறகு அந்தக் கடிதத்துக்கு அலைவது பெரும் பாடு. அதற்குள் புதிய கம்பனி முழு விலையையும் பில்லில் போட்டிருக்கும்.